நீல மாத்திரையும் கறுப்பு மலமும்

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையைப் போட்டால் மலம் கறுப்பாகும், அது குடலில் ரத்தம் கசிவதன் அடையாளம், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரு பதிவு பரவுகிறது. கறுப்பாவது உண்மை. காரணம்தான் வேறு.

அது இரும்புச்சத்து மாத்திரை. உடல் எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு குடல் வழியே வெளியேறும்போது மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ போகும். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டிலும் இதே பயம் வந்தது. அம்மா பதறிப்போனார். ஒன்பதாவது படிக்கும் மகள்தான் அட்டையைத் திருப்பிக் காட்டினாள்: இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். பாட்டிக்கு அவளே விளக்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீங்களும் அட்டையைப் படித்துப் பாருங்கள். மாத்திரை போட்ட நாளைக் குறித்து வையுங்கள். நிறம் சில நாளில் பழையபடி ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், இல்லையென்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்கு அழையுங்கள். ஆனால் மலம் தார் மாதிரி பிசுபிசுவென்று கடும் நாற்றத்தோடு போனாலோ, தலைச்சுற்றல், வயிற்றுவலி கூடவே வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அப்புறம், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். கூடவே டீ, காபி வேண்டாம். இரும்பு உடலில் சேர்வதை அவை குறைத்துவிடும்.