அந்த உப்புப் பாறையை உடைத்துத்தான் ஆக வேண்டும்

கடலைப் பார்த்தால் கவலை போய்விடும், இயற்கைதான் மருந்து என்று எழுதுகிறவர்கள் செலினா தாம்சனின் 'சால்ட்' நாடகப் பிரதியை ஒரு தடவை படிக்க வேண்டும். இங்கிலாந்தில், பர்மிங்காமில் வளர்ந்த கறுப்பினப் பெண் அவர். 2016 பிப்ரவரியில் இன்னொரு கலைஞரோடு சரக்குக் கப்பல் ஏறி, அடிமை வணிகக் கப்பல்கள் போய் வந்த அதே முக்கோண வழியில் கானாவுக்கும் ஜமைக்காவுக்கும் போய்த் திரும்பினார். அதைத்தான் மேடையில் தனி ஆளாக நின்று சொல்கிறார்.

அந்தப் பயணத்தை நான் துக்கம் கேட்கப் போனது என்றுதான் சொல்வேன். ஆனால் யார் வீட்டு வாசலில் போய்க் கேட்பது? சுமார் ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றினார்கள், அதில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் கரை சேரவே இல்லை, செத்தவர்களை அப்படியே அட்லாண்டிக்கில் தள்ளிவிட்டார்கள். புதைத்த இடமென்று ஒன்று கிடையாது, இருப்பது தண்ணீர் மட்டும்தான். அந்தத் தண்ணீருக்கு நடுவே நிற்கும் கறுப்புப் பெண்ணிடம் போய் அலையின் அழகைப் பற்றிப் பேச முடியுமா?

"இதெல்லாம் பழங்கதை, இன்னும் எத்தனை நாளைக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வி மேல் கோபம்தான் வருகிறது. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807இல், சரி. இவர் ஏறிய கப்பலிலோ கப்பல் தலைவரின் வாயிலிருந்து வந்தது பச்சையான இனவெறிப் பேச்சு. இறங்கி ஓடவும் முடியாது, நாலு பக்கமும் கடல். பிறந்து வளர்ந்த ஊரில்கூட "நீ உண்மையில் எந்த ஊர்" என்று விடாமல் கேட்கிறார்கள்.

நாடகத்தின் உயிர் எனக்கு அந்தச் சம்மட்டிக் காட்சிதான். வெள்ளை உடையில், மேடையில் ஒரு பெரிய இளஞ்சிவப்பு உப்புப் பாறையைப் போட்டு உடைக்கிறார். சில்லுகள் தெறிக்கும் என்பதால் முன்வரிசையில் இருப்பவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சி காட்டுவது இதைத்தான்: ஐரோப்பா கப்பல் நிறுவனத்தை அழுத்துகிறது, நிறுவனம் தலைவரை, அவர் தனக்குக் கீழே இருப்பவர்களை, கடைசியில் அத்தனை பாரமும் இந்தப் பெண் மேல் வந்து இறங்குகிறது. இதைக் கட்டுரையாக எழுதினால் நாம் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். மூச்சு வாங்க ஒரு உடம்பு பாறையை உடைப்பதைப் பார்க்கும்போது அந்த எடை என்னவென்று தெரிகிறது. தனிநபர் நாடகம் என்றாலே பிரசங்கம் என்று ஒதுக்குகிற நம் நாடக நண்பர்கள் இந்த ஒரு காட்சியையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

2017இல் எடின்பரோ விழாவில் விருது வாங்கிய நாடகம் இது. 2019இல் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் போட்டபோது தாம்சனுக்குப் பதிலாக நடித்தது ரோஷெல் ரோஸ் என்ற நடிகை. சொந்தக் கதையை இன்னொருவரிடம் கொடுத்தால் உண்மை குறைந்துவிடாதா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் காயத்தை ராத்திரிக்கு ராத்திரி தானே திறந்து காட்ட வேண்டுமென்று எந்தப் பெண்ணையும் கேட்க நமக்கு உரிமை இல்லை. அதோடு, இந்தத் துக்கம் ஒருத்தியுடையது மட்டும் இல்லையே, வேறொரு கறுப்புப் பெண் அந்தச் சம்மட்டியை எடுப்பதில் என்ன தப்பு?