தலைக்கு மேல் ஒரு திருகு

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில், ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஏசி காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் பறக்கும் பெரிய விமானங்கள் பலவற்றில் அது இல்லை. பழக்கத்தில் கை மேலே போகும். தடவிப் பார்த்தால் ஒரு விளக்கு, பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான், மற்றபடி வழவழப்பான பிளாஸ்டிக் பலகை.

கால் நீட்ட இடமில்லை என்று எல்லோரும் புலம்புகிறோம். சாப்பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்தத் திருகு காணாமல் போனதை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

புதிய விமானத்தில் அதை வைக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ350, போயிங் 787 இரண்டிலும் அது வாங்குகிறவர் விருப்பம். ஒரு நிறுவனம் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறது. இன்னொரு நிறுவனம் அதே விமானத்தை வேண்டாம் என்று சொல்லி வாங்குகிறது. திருகு சின்னதுதான். ஆனால் அதற்காகக் கூரைக்குள் விமானத்தின் நீளத்துக்கும் தனிக்குழாய் ஓட வேண்டும். எடை, விலை, பராமரிப்பு எல்லாம் கூடும், கொஞ்சம் இரைச்சலும் வரும். வேண்டாம் என்பவர்கள் சொல்லும் நியாயம் வேறு: புதிய விமானங்களில் காற்று எல்லா இடத்துக்கும் சீராகப் போகிறது, அதனால் தனித் துளை தேவையில்லையாம்.

காற்று நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. மேலிருந்து வந்து, அந்தந்த வரிசையிலேயே இறங்கி, பக்கச் சுவரின் அடியில் தரையை ஒட்டியுள்ள இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. ஏறக்குறைய பாதி வெளிக்காற்று, மீதி, 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியாக வந்த உள்காற்று. மணிக்கு 20 முதல் 30 முறை அறைக்காற்று முழுவதும் மாறிவிடுகிறது. நம்மில் யார் வீட்டிலும் இது நடக்காது. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறையலாம். 787, ஏ350 இரண்டிலும் அது 6,000 அடி உயரத்தில் இருப்பதைவிடக் குறைவதில்லை. அந்த வித்தியாசத்தை இறங்கும்போது தலை சொல்லும்.

ஆனால் காற்று சீராக இருந்தால் மனிதர்களும் சீராக இருப்பார்களா? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 300 பேர் என்றால் 30 கிலோவாட். அதில் ஒருவர் கடைசி அழைப்புக்கு ஓடிவந்து வியர்த்திருப்பார். சன்னலோரத்தில் இருப்பவருக்குத் தோள் சில்லிடும், அவசர வழிக் கதவருகே இருப்பவருக்குக் கால் விறைக்கும். தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் பணிப்பெண்களுக்குப் புழுக்கம், தூங்குகிறவர்களுக்குக் குளிர். பகுதி முழுவதற்கும் ஒரே டிகிரி என்றால் அது யாருக்கான டிகிரி?

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஓர் இரவில் என் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். முன்னிருக்கைப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே வந்தார். கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் மகன் மூக்குவரை போர்வைக்குள். "தம்பி, கொஞ்சம் குளிரைக் கூட்டச் சொல்லுங்களேன்" என்றார். பணிப்பெண்ணை அழைத்தேன். ஏற்கெனவே 23 டிகிரி, பின்வரிசையில் போர்வை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இதற்கு மேல் குறைக்க முடியாது என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று உடம்பு கொதிக்கும் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், விமானம் ஆடினால் குமட்டுகிறவர்களுக்கும் முகத்தில் நேராகப் படும் காற்றுதான் கைமருந்து. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அந்த வறண்ட காற்று கொஞ்சம் வேகமாக மேலே பட்டாலே வியர்வை காய்ந்துவிடும்; டிகிரியைத் தொடவே வேண்டியதில்லை. பக்கத்தில் தூங்கும் மகனுக்கும் தொந்தரவில்லை.

திருகினால் கிருமி வரும் என்று பயந்து இறுக மூடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதில் வருவதும் அதே காற்றுதான். மூடுவதால் ஒன்றும் கிடைப்பதில்லை. அதேபோல், சென்னை போன்ற ஈரமான ஊர்களில் ஏறி உட்கார்ந்ததும் மேலிருந்து வெண்புகை இறங்குகிறதே, அதுவும் புகையில்லை. குளிர்காற்று பட்டு ஈரம் பனியாகத் திரள்வது. இன்னொன்று, விமானம் பின்னால் தள்ளப்பட்டதும் ஒரு நிமிடம் காற்று நின்று எல்லோரும் மேலே பார்ப்பார்கள். பெரும்பாலான விமானங்களில் எஞ்சினைச் சுழற்றிவிடவும் ஏசிக்கும் ஒரே அழுத்தக்காற்றுதான், அதனால் எஞ்சின் எழும்வரை ஏசி காத்திருக்கிறது. 787 எஞ்சினைத் துவக்குவது மின்சாரத்தில்.

என் துளையின் காற்று அடுத்தவர் காதில் அடிக்கும் என்பது உண்மையான ஆட்சேபம். மூன்று பேர் வரிசையில் நடுவில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். நம் ஆம்னி பஸ்களிலும் இதே தகராறுதான். மூடி உடைந்த துளையில் திரைச்சீலையைச் சுருட்டி அடைத்துவிட்டுத் தூங்குகிறோம். அதற்காக யாரும் துளையே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏ350 உள்விளக்குகளால் 1 கோடியே 67 லட்சம் வண்ணங்கள் காட்ட முடியும் என்று ஏர்பஸ் பெருமையாகச் சொல்கிறது. விடியல் நிறம், அந்தி நிறம் எல்லாம் வரும். எகானமி வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவனுக்கு அவ்வளவு வண்ணம் எதற்கு? அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு இந்தக் குழாய்க்குப் போயிருக்கலாம்.

டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில் கால் இடைவெளி, வைஃபை, சார்ஜ் வசதி எல்லாம் போட்டிருக்கிறார்கள். இதை மட்டும் போடுவதில்லை. ஆகவே நான் அந்த நிறுவனத்தின் பெயரையும் விமான வகையையும் போட்டு, பயணிகள் எடுத்த படங்களைத் தேடி, இருக்கைக்கு மேலே உள்ள பலகையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன். ஓரிரண்டாயிரம் கூடினாலும் திருகு உள்ளதையே எடுக்கிறேன். கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்றிவிட்டால் அந்தத் தேடல் முழுவதும் வீண். அப்போது பாதுகாப்பு அட்டைதான் விசிறி.