கார்பன் அம்புக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால்

பிள்ளையை வில்வித்தைக்குச் சேர்த்திருக்கும் நம் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நீளமான பதிவுதான். ஆனாலும் அம்பு வாங்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மூங்கில் வில்லில் 30 மீட்டர், 50 மீட்டர் என்று இந்தியன் ரவுண்ட் அடித்துப் பழகிய பிள்ளை ரீகர்வ் வில்லுக்கு, அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த ஒலிம்பிக் வில்லுக்கு மாறும்போதுதான் வீட்டில் கார்பன் அம்பு என்ற பேச்சே வருகிறது. ஒரு டஜன் விலையைக் கேட்டதும் அப்பாவுக்கு மலைப்பு. அதற்கப்புறம் சிலர் ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்த செட்டைத் தேடுகிறார்கள். சிலர் கடன் வாங்கியாவது ஒலிம்பிக் வீரர்கள் அடிக்கும் அம்பையே வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டிலுமே காசு வீணாகிறது என்பது என் கருத்து. அம்பு நாள்பட உழைக்க வேண்டுமென்றால் முதலில் அது உங்கள் பிள்ளையின் வில்லுக்குப் பொருந்த வேண்டும். அடுத்தது, கார்பன் அம்பு உள்ளே வெற்றான குழாய்தான், அந்தக் குழாயின் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகுதான்.

பொருத்தம் என்றால் ஸ்பைன், அதாவது அம்பின் விறைப்பு. அம்பின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் அம்பைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 880 கிராம் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். அம்பு அரை அங்குலம் வளைந்தால் 500, ஒரு அங்குலம் வளைந்தால் 1000. எண் கூடக்கூட அம்பு இளகியது என்று பொருள். பெரிய எண் என்றால் பலமான அம்பு என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு நேர் எதிர்.

விரலால் நாணை விடும்போது எந்த அம்பும் கம்பி மாதிரி நேராகக் கிளம்புவதில்லை. பக்கவாட்டில் நெளிந்துதான் வில்லைத் தாண்டுகிறது. வில்லின் பலத்துக்கு அம்பு ரொம்ப இளகியதாக இருந்தால் அந்த நெளிவு அளவு மீறும். பலமான வில்லாக இருந்தால் விடும்போதே அம்பு நொறுங்கவும் கூடும், சிதறும் துண்டு வில்லைப் பிடித்திருக்கும் கையில் ஏறும். ரொம்ப விறைப்பாக இருந்தால் அப்படி உடையாது, ஆனால் வலக்கைப் பிள்ளைக்கு அம்பு இடப்பக்கமே ஒதுங்கிப் போகும். ஒதுங்கும் அம்பு டார்கெட் ஸ்டாண்டின் மரக்காலில் அடிக்கும், இல்லையென்றால் பின்னாலிருக்கும் கல்லில் அடிக்கும். அம்பு உடைவது அங்கேதான். குறி தவறுவதும் அம்பு உடைவதும் தனித்தனிப் பிரச்சினை இல்லை.

20 பவுண்டு வில் இழுக்கும் சின்னப் பிள்ளைக்கு 1000-ஐ ஒட்டி, 40 பவுண்டு ரீகர்வ் இழுக்கும் பெரியவருக்கு 600-ஐ ஒட்டி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அம்பின் நீளம் கூடினாலும் முனையின் எடை கூடினாலும் அம்பு இன்னும் இளகியதுபோல நடந்துகொள்ளும். அதனால் தயாரிப்பாளர் கொடுக்கும் அட்டவணையை கோச்சுடன் உட்கார்ந்து பாருங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'மிக்ஸ்டு கார்பன்' செட் கண்ணாடி இழையும் கலந்தது. பெரும்பாலும் 500 ஸ்பைனில்தான் வரும். பத்து வயதுப் பிள்ளையின் வில்லுக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது.

நீளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது காசு விஷயம் மட்டும் இல்லை. ஜூனில் பள்ளிச் சீருடை தைக்கும்போது வளரும் பிள்ளைக்கு இரண்டு விரல் கூடுதலாக மடித்துத் தைப்போம் இல்லையா, அம்பையும் அப்படித்தான் ஒன்று, இரண்டு அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். கை வளர்ந்து, இழுக்கும் தூரம் கூடி, அம்பு குட்டையாகிப் போனால் முனை அம்பு தாங்கியை விட்டுப் பின்னால் வந்து விழும். அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு பிள்ளையின் கையிலேயே பாயும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பிள்ளையை முழுக்க இழுக்கச் சொல்லி, அம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

வெட்டுவதும் வேகமாகச் சுழலும் அறுப்பு வட்டில்தான். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் நுனியில் இழை பிரிந்து, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். அறுக்கும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் நிற்கக்கூடாது.

இனி விலை. ஒரே கம்பெனியின் ஒரே அம்பு 0.001, 0.003, 0.006 என்று தரம் பிரிந்து, விலை ஏறிக்கொண்டே போகும். அந்த எண்கள் அம்பு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை அங்குலத்தில் சொல்பவை. 0.006 அங்குலம் என்பது 0.15 மில்லிமீட்டர். 30 மீட்டரில் அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 0.001 அம்பு 0.006 அம்பை விட அதிக நாள் உழைப்பதும் இல்லை. நேராக இருப்பது வேறு, உறுதியாக இருப்பது வேறு. மிச்சமாகும் காசில் அரை டஜன் அம்பு கூடுதலாக வாங்கி வைத்தால் பிள்ளை தைரியமாக அடிக்கும்.

உறுதிக்குப் பார்க்க வேண்டியது சுவர். ஒரே ஸ்பைனில் இரண்டு அம்பு இருந்தால், அங்குலத்துக்கு எத்தனை கிரெயின் என்று பாருங்கள். ஒரு கிரெயின் 0.065 கிராம். கனமானதில் பெரும்பாலும் சுவர் தடிமனாக இருக்கும். இழைகள் நீளவாக்கில் மட்டும் ஓடாமல் குறுக்கிலும் சுற்றப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. நீள இழை மட்டும் இருந்தால் அம்பு மூங்கில் பிளக்கிற மாதிரி பிளந்துவிடும். இரண்டு நுனியிலும் கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்கு அம்பின் எடை இன்னும் முக்கியம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்ந்துவிட்டதால் அதைக் கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வில்லின் ஒரு பவுண்டுக்குக் குறைந்தது 5 கிரெயின் என்பது பொதுவான விதி. 50 பவுண்டு வில்லுக்கு முனை, இறகு எல்லாம் சேர்த்து அம்பு 250 கிரெயினுக்குக் கீழே போகக்கூடாது. அம்பு அதைவிட லேசானால், அம்பே இல்லாமல் நாணை விடுவதுபோல வேகத்தின் ஒரு பகுதி வில்லின் மேலேயே திரும்பும்.

மெல்லிய அம்பு வேண்டும் என்று சொல்கிறவர்களிடமும் நியாயம் உண்டு. ஆனி, ஆடியில் நம் ஊர்க் காற்று எப்படி என்று கயத்தாறு, பணகுடிக் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். மெல்லிய அம்பில் பக்கக் காற்று பிடிக்கும் பரப்பு குறைவு. ஈஸ்டன் கம்பெனியின் எக்ஸ்10 அம்பு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வந்தது. உள்ளே மெல்லிய அலுமினியக் குழாய், மேலே கார்பன், நடுவில் பருத்து இரண்டு முனையிலும் சிறுத்த வடிவம். 70 மீட்டரில் காற்றை வெல்வதற்கென்றே செய்யப்பட்டது. அந்தத் தூரத்துக்குப் பிள்ளை வரட்டும், அப்புறம் வாங்கலாம். 18 மீட்டரிலும் 30 மீட்டரிலும் பழகும் வரை 6.2 மில்லிமீட்டர் உள்விட்ட அம்பே போதும். காற்றுக்காக மெல்லியதுதான் வேண்டுமென்றால் 4.2 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் தடித்த சுவர் உள்ளதாகப் பாருங்கள். அதற்கு 'பின் நாக்', அதாவது அம்பின் வாலில் ஓர் உலோக ஊசியில் மாட்டும் நாண் கவ்வி, போட்டுக்கொண்டால், பின்னால் வரும் அம்பு மோதினாலும் ஷாஃப்ட், அதாவது அம்பின் தண்டு, பிளக்காமல் தப்ப வாய்ப்பு அதிகம்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கடையம், பாபநாசம், களக்காடு பக்கத்து மலையடிவாரக்காரர்கள், 'பன்றிக்கு எந்த அம்பு தாங்கும்' என்று கேட்கிறார்கள். வாழையும் நெல்லும் ஒரே ராத்திரியில் அழிந்துபோகும் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வில்லைக் கையில் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம், முயற்சி செய்வதும் குற்றம்தான். வேட்டை அனுமதி உள்ள அமெரிக்காவில் 400, 500 கிரெயின் எடையுள்ள அம்பில் கத்தி முனை பொருத்தி அடிக்கிறார்கள். அப்படி அடித்தும் அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி வேலை செய்யாது. ரத்தம் வடிந்துதான் விலங்கு சாகும். சரியான இடத்தில் படாவிட்டால் காயத்தோடு ஓடி, எங்கேயோ கிடந்து அழுகிச் சாகும். வனத்துறையிடம் மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள். அந்தக் கத்தி முனைகளை ஆன்லைனில் பார்த்தாலும் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். அவை டார்கெட்டையும் கிழிக்கும், ஆளையும் கிழிக்கும்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. டார்கெட்டிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது ஒரு கையால் டார்கெட்டை அழுத்தி, மற்றக் கையால் அம்பை டார்கெட்டுக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்னால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுப்பதில்தான் பாதி அம்பு வீணாகிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அம்புப் பையை விட்டுவிட்டுப் போனால் முனையை ஒட்டிய பசை இளகும், அடுத்த நாள் முனை டார்கெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். திரும்ப ஒட்டும்போது முனையை மட்டும் சூடாக்குங்கள். ஷாஃப்ட்டை அடுப்பில் காட்டினால் இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் கெட்டுப்போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒவ்வொரு அம்பையும் ஒவ்வொரு முறை அடிக்கும் முன் பார்ப்பது. அலுமினிய அம்பு வளைந்து தன் குறையைக் காட்டிவிடும். கார்பன் வளைந்து நிற்காது. வெளியே நேராகவே இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். இரண்டு முனையையும் பிடித்து, முகத்துக்குத் தள்ளி வைத்து லேசாக வளையுங்கள். சுற்றிச் சுற்றி நாலு பக்கமும் செய்யுங்கள். நெறிகிற சத்தம் காதில் விழுந்தால் அந்த அம்பு முடிந்தது. பஞ்சை எடுத்து நீளவாக்கில் தடவினால் இழை எழும்பிய இடத்தில் சிக்கும், விரலால் தடவாதீர்கள். ஒட்டிப் பார்க்கலாம், டேப் சுற்றலாம் என்ற யோசனையே வேண்டாம்.

விரிசல் விட்ட அம்பை அப்படியே மூலையில் சாத்தி வைக்கக்கூடாது. இன்னொரு பிள்ளை எடுத்து அடித்துவிடும். இரண்டாக ஒடித்து ஒரு டப்பாவில் போடுங்கள். அடிக்கும் இடம் அறுவடை முடிந்த வயலாகவோ ஊர் மைதானமாகவோ இருந்தால், உடைந்த அம்பின் துண்டு முழுவதையும் பொறுக்கும் வரை பயிற்சியை நிறுத்துங்கள். அங்கே சாயங்காலம் ஆடு மேயும், பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடும். கோச்மார் யாராவது இதைப் படித்தால், ஒவ்வொரு லைனுக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு டப்பா வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.