சீரியலுக்கு வயசு கிடையாதா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு சீரியலோடுதான் இறங்குகிறது. மாமியார் ரிமோட்டைக் கையில் எடுத்தால் ஒன்பதரை வரை யாரும் வாங்க முடியாது. மூணாவது படிக்கிற என் மகளும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

ஓடிடியில் வருகிற தொடருக்காவது மத்திய அரசின் 2021 ஐ.டி. விதிகளின்படி யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது போட்டாக வேண்டும். வன்முறையா, கெட்ட வார்த்தையா என்றும் சொல்ல வேண்டும், 13+க்கும் அதற்கு மேலும் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்த எழுத்து மூலையில் வந்து, கண்ணாடியைத் தேடுவதற்குள் மறைந்துவிடும் என்பது வேறு விஷயம். சினிமாவுக்கும் இப்போது இதே வயதுப் பிரிவு வந்துவிட்டது.

டிவி சீரியலுக்கு? இப்படி வயது போட வேண்டும் என்று சட்டமே கிடையாது. ஒளிபரப்பும் முன் தணிக்கையும் இல்லை. கேபிள் டிவி சட்டத்தில் நிகழ்ச்சி விதிகள் இருக்கின்றன, சரி. ஆனால் பாலில் விஷம் கலக்கிற மருமகளையும், கர்ப்பிணியை மாடிப்படியில் தள்ளுகிற நாத்தனாரையும் எந்த வயதுப் பிள்ளை பார்க்கலாம் என்று யாரிடம் கேட்பது? தள்ளுகிற காட்சியை மூன்று கோணத்தில், இடி முழக்கத்தோடு வேறு காட்டுகிறார்கள்!

“அத்தை, பிள்ளை பார்க்கா, மாத்துங்களேன்” என்றால், “குடும்பக் கதைதானட்டி, இதுல என்ன இருக்கு?” என்பார். அதே அத்தை, பிள்ளை கார்ட்டூன் போட்டால் மட்டும், “ஒரே அடிதடி, அதை அமத்து” என்று சத்தம் போடுவார்.

நேற்று பிள்ளை கேட்கிறாள்: “அம்மா, சொத்தை எழுதி வாங்கணும்னா கடத்தணுமா?”