துருப்பிடித்த தோசைக்கல்லைத் தூக்கிப் போடாதீர்கள்

"துருப்பிடித்த கல்லில் தோசை சுட்டால் டெட்டனஸ் வரும், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று வேலூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா காயம் வழியாக உடம்புக்குள் போனால்தான் டெட்டனஸ். துரு வெறும் இரும்பு ஆக்சைடு. அதற்காகத் துருவோடு சமைக்கச் சொல்லவில்லை, ருசி கெடும்.

கம்பி நாரால் துரு போகத் தேயுங்கள். கழுவி, அடுப்பிலேயே காய வையுங்கள். அப்புறம் எண்ணெய் தடவி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, புகை வரும்வரை சூடாக்குங்கள். எண்ணெய் இறுகிப் படலமாகும். இப்படி மூன்று நான்கு முறை. எண்ணெய் அதிகமானால் பிசுபிசுக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். விரிசல் விட்ட கல் மட்டும் காயலான் கடைக்குப் போகட்டும்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை மட்டும் புதிதாகப் பழக்கிய இரும்புச் சட்டியில் வைக்காதீர்கள், புளி அந்தப் படலத்தை அரித்துவிடும்.