மூன்று தொகுதிச் சிப்பி உண்டால் மலட்டுத்தன்மை வராது

"உணவகங்களில் விற்கும் சிப்பி மரபணு மாற்றப்பட்டது, உண்டால் மலட்டுத்தன்மை வரும்" என்று, ஸ்டாண்டிஷ் ஆலன் என்ற அமெரிக்க அறிவியலாளரின் ஆய்வைச் சான்றாகக் காட்டி, டர்பன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

ஆலனும் சிமிங் குவோவும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) தொகுதிகள் கொண்ட பசிபிக் சிப்பியை உருவாக்கியது பற்றியது. அதைச் சாதாரணச் சிப்பியுடன் இனக்கலப்புச் செய்தால், வழக்கமான இரண்டு தொகுதிக்கு (20 குரோமோசோம்கள்) பதிலாக மூன்று தொகுதி (30 குரோமோசோம்கள்) உள்ள குஞ்சுகள் கிடைக்கின்றன. வேற்றுயிரின் மரபணு எதுவும் அவற்றில் புகுத்தப்படுவதில்லை. ஏறத்தாழ மலடாக இருப்பது இந்த மூன்று தொகுதிச் சிப்பிதான், உண்பவர் அல்லர். இனப்பெருக்கத்துக்குச் சத்தைச் செலவிடாததால் கோடையிலும் அதன் சதை மெலிவதில்லை. நாம் அன்றாடம் உண்ணும் விதையற்ற வாழைப்பழமும் மூன்று தொகுதி உடையதே.

ஐயமுள்ளோர் அந்த ஆய்வுக் கட்டுரையையே படித்துப் பார்க்கலாம். பச்சைச் சிப்பியில் கிருமி இருக்கக்கூடும் என்பது வேறு விஷயம், அந்த அச்சத்தில் நியாயமுண்டு. இந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து இனிப் பகிர வேண்டாம்.