முதலில் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்க் கிராம சபையில் ஊர்க்கார அக்கா ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் டேங்க் வால்வு மாற்றியதாகக் கணக்கில் செலவு எழுதியிருக்கிறதே, அந்த வால்வு எங்கே? பதில் வரவில்லை. திரும்பக் கேட்டார். "அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றார்கள். அதற்கப்புறம்தான் அவர் குரல் உயர்ந்தது, "இது திருட்டு வேலை இல்லையா?" என்றார். உடனே மைக்கை வாங்கிக்கொண்டார்கள். சுவரில் புதிதாக ஒட்டியிருந்த "கூட்ட ஒழுங்கு விதிகள்" தாளைக் காட்டி, கண்ணியக் குறைவாகப் பேசினால் வெளியேற்றுவோம், போலீசில் புகார் கொடுப்போம் என்றார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அது எனக்குப் பழகிவிட்டது. என்னை எழுத வைத்தது, அந்த வீடியோவை நான் பகிர்ந்த பிறகு கீழே வந்த கமென்ட்டுகள். "கேள்வி நியாயம்தான், ஆனால் கேட்ட விதம் சரியில்லை." "ஒரு பெண் பொது இடத்தில் இப்படிப் பேசலாமா?" என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பர் ஒருவர், "படித்த நீயே இதை ஆதரிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு பேர் அவருடைய குரலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வால்வு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கிராம சபை என்பது ஊராட்சி நடத்தும் கூட்டத்துக்கு ஊர்மக்கள் வேடிக்கை பார்க்கப் போவது கிடையாது. அரசியலமைப்புச் சட்டம் 243ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: அந்தக் கிராமத்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை. அந்த அக்கா அந்தச் சபையின் உறுப்பினர். ஊராட்சித் திட்டத்துக்கும் நிதிநிலை அறிக்கைக்கும் ஒப்புதல் கொடுப்பது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று ஆராய்வது, இதையெல்லாம் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சபையின் வேலையாகவே எழுதிவைத்திருக்கிறது. வால்வு எங்கே என்று கேட்டபோது அவர் தன் வேலையைத்தான் செய்தார். தலைமை தாங்குபவர் தன் வேலையைச் செய்யவில்லை.

சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரசியலமைப்பின் 194ஆவது பிரிவின்படி, சபைக்குள் ஒரு எம்எல்ஏ என்ன பேசினாலும் அதற்காக அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. எம்பிக்கள் பற்றி 105ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. 2022 ஜூலையில் மக்களவைச் செயலகம் அவைக்கு ஒவ்வாத சொற்கள் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டபோது எவ்வளவு சத்தம் எழுந்தது, நினைவிருக்கிறதா? அங்கேயே, தகாத சொல்லைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் என்ன ஆகும்? அவைக்குறிப்பிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவார்கள். ஆயிரம் போலீஸ் பாதுகாப்போடு இருப்பவர் "திருடன்" என்றால் சொல் மட்டும் போகும். ஓட்டு வீட்டிலிருந்து நடந்து வந்து, அன்றைய கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண் "திருட்டு வேலையா" என்று கேட்டால் அவரே வெளியே போக வேண்டும், அதற்கு மேல் போலீஸ் புகார். இது எந்த ஊர் நியாயம்?

"பேச்சுரிமைக்கும் எல்லை உண்டு, அரசியலமைப்பின் 19(2) பிரிவைப் படித்துப் பாருங்கள்" என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் எழுதியிருந்தார். படித்துப் பார்த்தேன் சார். பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் மூலம் வர வேண்டும் என்றும், அது நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அடித்து, பசை தடவி, சுவரில் ஒட்டிய தாள் எப்போது சட்டமானது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏன் ரத்து செய்தது என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எரிச்சலூட்டுவது, மனம் புண்படுத்துவது என்றெல்லாம் எல்லை தெரியாத சொற்களை வைத்து ஆளைக் கைது செய்ய முடியாது என்றுதானே சொன்னார்கள்? "கண்ணியக் குறைவு" என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரி விளக்கமாவது இருந்ததா? யார் முகம் சுளிக்கிறார்களோ அவர்கள்தான் அதற்கு அகராதி.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் இதே கதை நடந்தது. 2018 டிசம்பரில் ஊர் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், கூட்டங்களை மக்கள் முன்னால் வெளிப்படையாக நடத்தச் சொல்லும் திறந்த கூட்டச் சட்டத்தை நீங்கள் மீறிவிட்டீர்கள் என்று ஒரு பெண் குறைசொன்னார். அவதூறாகப் பேசினால் நிறுத்திவிடுவேன் என்று கூட்டத்தை நடத்தியவர் சொல்ல, அந்தப் பெண் கோபத்தில் அவரை ஹிட்லர் என்றே சொல்லிவிட்டார். வெளியேற்றுவதாக மிரட்டினார்கள். அங்கேயும் "மரியாதையாகவும் பண்பாகவும் பேச வேண்டும்" என்று விதி இருந்தது. 2023 மார்ச்சில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியையே செல்லாது என்றது. 1780இல் எழுதப்பட்ட தங்கள் மாநில அரசியலமைப்பில், மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் உரிமைக்கு அமைதியாகக் கூட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதே தவிர, இனிமையாகப் பேச வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். நேரக் கட்டுப்பாடு வைக்கலாம், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது எனலாம். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த அக்கா யாருடைய நேரத்தையும் எடுக்கவில்லை. பதில் சொல்லியிருந்தால் அப்போதே உட்கார்ந்திருப்பார்.

இதை எழுதும்போது அம்மா நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. என் அம்மா வயல்காட்டில் வேலை பார்த்தவர். ஒரு வரப்பில் நின்று நாலு வயல் தாண்டி இருப்பவரைக் கூப்பிட்டே பழகிய குரல். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலே தெருவுக்குக் கேட்கும். அப்பா இறந்த பிறகு உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். "சார், என் மனு என்னாச்சு?" என்றுதான் கேட்டார். "இந்தாம்மா, கத்தாதே, இது என்ன சந்தைக்கடையா?" என்றார் அந்த மனிதர். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்துக்கும் அவர் தனியாகப் போகவில்லை. "நீ போடா, நான் பேசினால் அவங்களுக்குப் புடிக்காது" என்பார். தன் குரலே தப்பு என்று அம்மாவை நம்ப வைத்துவிட்டார்கள். என் நண்பர்களே, நீங்கள் "கேட்ட விதம் சரியில்லை" என்று எழுதும்போது எனக்கு அந்த மனிதரின் குரல்தான் கேட்கிறது.

சரி, இன்னொரு எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். தலித் ஊராட்சித் தலைவர்களையும் பெண் தலைவர்களையும் கூட்டத்தில் அவமானப்படுத்துகிறார்களே, அவர்களைக் காப்பாற்ற இப்படி ஒரு விதி வேண்டாமா? இது மட்டும் உண்மையிலேயே கனமான கேள்வி. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020இல் வெளிவந்தபோது எத்தனை நாள் தூக்கம் வரவில்லை எங்களில் பலருக்கு. ஆனால் அங்கே அவரைத் தரையில் உட்கார வைத்தது குரல் உயர்த்திக் கணக்குக் கேட்ட ஊர்ப் பெண்ணா? நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே? சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மிரட்டினால், கை வைத்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்துங்கள், நானும் கூட வருகிறேன். வால்வு எங்கே என்ற கேள்வியை அந்தப் பாவங்களோடு சேர்த்து ஒரே தாளில் ஒட்டாதீர்கள்.

ஊழியர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் மனம் நோகும் என்கிறீர்கள். நோகட்டும். சம்பளம் வாங்கும் பொறுப்பில் இருப்பவர் ஒரு கோபச் சொல்லைத் தாங்கித்தான் ஆக வேண்டும். 2023 அக்டோபர் 2 அன்று விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராம சபையில் கேள்வி கேட்ட விவசாயியை ஊராட்சிச் செயலர் எட்டி உதைத்ததை நாடே பார்த்தது. பணியிடை நீக்கமும் செய்தார்கள். காந்தி பிறந்தநாளில், கிராம சபையில், மார்பில் உதை. மரியாதை யாருக்கு யாரிடமிருந்து வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

எங்கள் ஊரிலும் கரைவேட்டி கட்டியவர்கள் கூட்டத்தின் நடுவில் எழுந்து ஒருமையில் பேசியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போது எந்தத் தாளும் சுவரில் இல்லை. பின்னால் ஆள் இல்லாதவர் பேச ஆரம்பித்தபோதுதான் விதி ஞாபகம் வந்தது. அந்த அக்கா போன்ற பெண்கள், குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, நிரம்புவதற்கு மட்டும் வேண்டும். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டினால் 200 பேர், பத்தாயிரத்தைத் தாண்டினால் 300 பேர் வேண்டுமே! வேலை நடக்கும் இடத்திலிருந்து வரிசையாக அழைத்து வந்து, கையெழுத்தும் ரேகையும் வாங்கி, உட்கார வைப்பார்கள். வாயைத் திறந்தால் கண்ணியம் கெட்டுவிடும்.

அந்த அக்காவிடம் நேற்று இரவு பேசினேன். "இனிமே போக மாட்டேன் தம்பி, எதுக்கு வம்பு? என் மகன் வேற திட்டுறான், ஊரெல்லாம் வீடியோ பார்த்துச்சுன்னு" என்றார். அந்தத் தாளை ஒட்டியவர்களுக்கு இது போதும். மகன் திட்டியதில் உங்கள் கமென்ட்டுகளுக்கும் பங்கு இருக்கிறது. கோபமாகத்தான் சொல்கிறேன்.

மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். இந்த ஒழுங்கு விதிகள் எந்தக் கிராம சபையில், எந்தத் தேதியில், எந்தத் தீர்மான எண்ணில் நிறைவேறின, இல்லையென்றால் எந்த அரசாணையின்படி ஒட்டப்பட்டன என்று கேட்டு அவருக்கு மனு எழுதியிருக்கிறேன். வால்வு வாங்கிய ரசீது நகலும் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் ஞாயிறு மாலைக்குள் வந்து கையெழுத்துப் போடுங்கள். அக்காவின் பெயரை மனுவில் எங்கும் எழுதவில்லை, கமென்ட்டிலும் யாரும் எழுத வேண்டாம்.